வெங்காயத் தோலும் நான் எழுதிய ஒரு பொய்யும்

இந்த ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஆய்வுப் பதிவுக் கொப்பியில் நேரம் குறிக்காமல் விட்டால் திருப்பி அனுப்புகிற மனுஷி, செருப்போடு வந்த பல்கலைக்கழகப் பீடாதிபதியையே வாசலில் நிறுத்தி வைத்தவள் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதே கொப்பியில் ஒரு பச்சைப் பொய்யை எழுதிவிட்டு, இரண்டு மாதம் ஒன்றும் தெரியாதவள் போல இந்த அறைக்குள் நடமாடியவளும் நான்தான். அதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என்னை யாரும் இடமாற்ற முடியாது. ஆகவே நானே சொல்கிறேன்.

உலையை எப்படி ஏற்றுவது, வாயுவை எப்போது திறப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாசித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்கள் பேராசிரியருக்கு ஓர் எண்ணம் பிடித்திருந்தது. வெங்காயத் தோலைக் கரியாக்கி, அந்தக் கரியில் மின்னைத் தேக்கி வைக்க வேண்டும். வெறும் கரி போதாது. கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் தெரியாத நுண்ணிய துளைகள் அதில் நிறைய இருக்க வேண்டும். துளை கூடக்கூட மின் தங்கும் இடமும் கூடும். அவருடைய ஆராய்ச்சி மாணவி தர்ஷினி அந்தக் கரியை வைத்துச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கலம் செய்வாள். அதற்கு மின்னேற்றி, ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழில் கொளுவிவிட்டுப் பார்ப்போம். குமிழ் எவ்வளவு நேரம் எரிகிறதோ, கரி அவ்வளவு நல்லது. பெரிய இயந்திரங்களும் இருந்தன. ஆனாலும் எல்லாரும் முதலில் பார்த்தது அந்தக் குமிழைத்தான்.

தோல் கொண்டுவருவது ஆய்வுகூட உதவியாளரான என் வேலை. என் வீடு சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில். வெங்காயக் கடைக்காரர்கள் கூட்டித் தள்ளும் சருகைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போவேன். "வெங்காயத்தை விட்டிட்டுத் தோலை வாங்கிக்கொண்டு போற ஒரே ஆள் நீங்கள்தான் பிள்ளை," என்று ஒரு வியாபாரி என்னைக் காணும்போதெல்லாம் சொல்வார். கொண்டுவந்த தோலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் கழுவி, உலர் பெட்டியில் காயவைத்து, கொப்பியில் எழுதி, தர்ஷினியிடம் கொடுப்பேன். பிறகு உலையில் கரியாக்குவதும் அமிலத்தில் கழுவுவதும் அவள் பொறுப்பு.

பதினாறு தொகுதி செய்தோம். ஒவ்வொன்றிலும் குமிழ் இரண்டு நிமிடம் எரிந்து அணைந்தது. மோசமில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

பதினேழாம் தொகுதிக்கு நான் சாக்கைக் கொண்டுவந்த அன்று தண்ணீர் வடிக்கும் கருவி எரிந்துபோயிற்று. புதிய சுருள் வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். தர்ஷினிக்கோ அவசரம், கருத்தரங்கு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, எப்பிடியாவது," என்று என் முகத்தையே பார்த்தாள். நானும் எப்படியாவது என்றுதான் நினைத்தேன். சாக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய், கிணற்றடியில் இரண்டு பெரிய அலுமினியத் தட்டங்களில் தோலைப் பரப்பி, கிணற்றுத் தண்ணீரை விட்டேன். அன்று இரவு ஊறட்டும், காலையில் பிழிந்து காயவைக்கலாம் என்பது திட்டம்.

மறுநாள் ஆடி அமாவாசை. அண்ணை கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகிறார் என்று நானும் போனேன். கேணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடற்காற்றில் நெடுநேரம் நின்றேன். வீடு வந்து படுத்தவள் ஒரு கிழமை எழும்பவில்லை. நல்ல காய்ச்சல், அம்மாதான் பார்த்துக்கொண்டார். தட்டம், தோல், தொகுதி ஒன்றும் நினைவில் இல்லை.

எட்டாம் நாள் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். தட்டங்கள் காய்ந்து கிடந்தன. சிவப்புத் தோல்களின் மேல் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை படிந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அதைக் கழுவ வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் காய்ச்சல் விட்ட களைப்பு, தர்ஷினியும் இரண்டு தரம் அழைப்பு எடுத்துவிட்டாள். எப்படியும் கடைசியில் அமிலத்தில் போடப் போகிறாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தோலைச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு கொப்பி. இருபத்தேழு வருடமாக அந்த இடத்தில் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதிற்று: 'காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம் கழுவப்பட்டது.' கையெழுத்தும் வைத்தேன். கை தானாக எழுதியது என்று சொல்கிறேனே, அதுவும் அரைப் பொய்தான். எழுதி முடித்த பிறகு அதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் மூடினேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு முற்பகலில் தர்ஷினி போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். தீ பிடித்துவிட்டது என்று நினைத்து ஒருவர் மணல் வாளியோடு வந்தார். அங்கே சின்னச் சிவப்புக் குமிழ் எரிந்துகொண்டிருந்தது. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். பதினொரு நிமிடம் எரிந்து மங்கிற்று. தர்ஷினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மணல் வாளிக்காரரும் கண்ணைத் துடைத்தார்.

பேராசிரியர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா," என்றார்.

அதே கலத்தை இன்னொரு தரம் ஏற்றினோம். பதினொரு நிமிடம். பதினேழாம் தொகுதிக் கரியில் வேறு இரண்டு கலம் செய்தோம். அவையும் அப்படியே. ஆய்வுச் சுருக்கம் போயிற்று, ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. கரியில் கொஞ்சத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் படம் எடுத்தோம். படத்தில் கரி இடியப்பத் தட்டுப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. மீதிக் கரியெல்லாம் கலம் செய்வதிலும் சோதிப்பதிலும் முடிந்தது.

பிறகு பதினெட்டாம் தொகுதி. இரண்டு நிமிடம்.

பத்தொன்பது. இரண்டு நிமிடம். இருபது, ஒன்றே முக்கால்.

பேராசிரியர் வாயு உருளையை மாற்றினார். உலையின் வெப்பமானியைக் கழற்றிச் சரிபார்த்தார். அமிலத்தைப் புதிதாகக் கலக்கினார். தர்ஷினி கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளை, கெட்டிக்காரி, சாத்திரம் சகுனம் என்றால் முகத்தைச் சுளிப்பவள். அவளே ஒருநாள் மஞ்சள் சல்வாரோடு வந்தாள். மறுநாளும் அதே மஞ்சள் சல்வார்.

"என்ன பிள்ளை, வேறை உடுப்பு இல்லையோ?" என்று கேட்டேன்.

"பதினேழு ஏத்தின அண்டைக்கு இதுதான் அக்கா போட்டிருந்தனான்," என்றாள், பேராசிரியரின் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "சேரிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

அடுத்த கிழமை, அன்று நான் எங்கே நின்றேனோ அதே இடத்தில் நிற்கும்படி கேட்டாள். நின்றேன். பதினேழாம் தொகுதியில் வேறென்ன வித்தியாசம் என்று அறிந்த ஒரே ஆள் நான். உலைக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து, அவள் காட்டிய தரை ஓட்டில் இரண்டு காலையும் வைத்து, பொம்மை போல நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலாவது, அந்த அழுக்குத் தண்ணீருக்கும் பதினொரு நிமிடத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அதனால் கெட்டுப் போயிருக்கலாமே தவிர, நன்றாக வந்திருக்குமா? இரண்டாவதுதான் உண்மையான காரணம். எத்தனை பிள்ளைகளை அந்தக் கொப்பியை வைத்துப் படாத பாடு படுத்தியிருக்கிறேன்! ஒருத்தியை ஒரு பூச்சியத்துக்காக அழவே வைத்தேன். அவர்கள் முன்னால் 'நான் பொய் எழுதினேன்' என்று சொல்வதை நினைத்தாலே மறுபடி காய்ச்சல் வரும் போலிருந்தது.

ஆகவே நான் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தேன். கள்ள வழி. சொல்லவும் கூடாது, தொகுதியும் சரிவர வேண்டும். என் கிணற்றுத் தண்ணீரை இரண்டு பிளாஸ்ரிக் கானில் நிரப்பி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன். வாசல் காவலாளி மறித்தார்.

"அக்கா, உந்தக் கானுக்கை என்ன?"

"தண்ணி."

"எங்கடை வளவுக்கை தண்ணி இல்லையோ?"

"வயித்துக்கு ஒத்து வரேல்லை."

"இவ்வளவும் குடிக்கப் போறியளோ?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும், இருபத்தோராம் தொகுதித் தோலைக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவி, உலர் பெட்டியில் வைத்து, மறுபடி அதே பொய்யை எழுதினேன். இப்போது பொய் இரண்டாகிவிட்டது. குமிழ் எத்தனை நிமிடம் எரிந்தது தெரியுமா? இரண்டு. ஒரு வினாடிகூட மேலே போகவில்லை.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பார்த்தாயா, தண்ணீருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆகவே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று மனம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. மனம் இப்படியான கணக்கை வெகு விரைவாகப் போடும். அந்த விரைவைக் கண்டால் நீங்கள் உசாராகிவிட வேண்டும்.

புரட்டாதியில் ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்க வெளித் தேர்வாளர் வந்தார். எங்கள் ஊரில் பிறந்து, தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற மூத்த பேராசிரியை. ஒரு சொல்லை வீணாக்க மாட்டார். தர்ஷினி பதினேழாம் தொகுதியின் வரைபடங்களைக் காட்டினாள். பிறகு இருபத்திரண்டாம் தொகுதியின் கலத்தைக் குமிழில் கொளுவினாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். இரண்டு நிமிடத்தில் அணைந்தது.

தேர்வாளர் அந்தச் சின்னக் கலத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்குப் பதினொரு நிமிசம் எரிஞ்சதெண்டியள்," என்றார். "அண்டைக்கு இதுக்குப் பின்னாலை பற்றரி ஒண்டும் இருக்கேல்லைத்தானே?"

பகிடி மாதிரித்தான் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. தர்ஷினியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"இல்லை மடம்," என்றாள்.

"சரி," என்று தேர்வாளர் கலத்தை மேசையில் வைத்தார். "திருப்பிச் செய்ய ஏலாட்டில் அது முடிவு இல்லை. வெளியிலை சொல்லாதேங்கோ."

நான் நின்ற இடத்திலிருந்து மூன்று அடியில் அந்தக் கொப்பி இருந்தது. கை நீட்டியிருந்தால் எட்டும். நான் நீட்டவில்லை.

அன்று பின்னேரம் நான் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து ஆய்வுகூடக் கதவின் திறப்பை மேசையில் வைத்தாள்.

"பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடப் போறன் அக்கா. அப்பாவும் அதைத்தான் சொல்லுறார்."

"இரண்டு வருசம் செய்த வேலையை விட்டிட்டோ?"

"பற்றரி வைச்சனியோ எண்டு கேட்டினம்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நீங்களாவது நம்புறியளோ?"

"நம்புறன்," என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் செய்த ஆகக் கேவலமான வேலை எது என்று கேட்டால், கொப்பியில் எழுதிய பொய்யை நான் சொல்ல மாட்டேன். இந்த 'நம்புறன்' தான் அது. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் திட்டமாகத் தெரியும். தெரிந்த ஒன்றை நம்புகிறேன் என்று சொல்லி, அதற்கு அவளிடமிருந்து நன்றியும் வாங்கிக்கொண்டேன். "தாங்ஸ் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரையை என் பக்கம் திருப்பினார். கருத்தரங்குக்காரருக்கு எழுதும் கடிதம். ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகவும், வழிகாட்டி என்ற வகையில் தன்னுடைய கவனக்குறைவால் இந்தப் பிழை நேர்ந்ததாகவும் எழுதியிருந்தார்.

"இங்கிலீஸ் சரியோ எண்டு பாருங்கோ மலர்," என்றார். அவருடைய ஆங்கிலத்தைத் திருத்தும் அளவுக்கு நான் படித்தவளல்ல. தனியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சேர், அதை அனுப்பாதேங்கோ," என்றேன். "பதினேழுக்கு நான் வடிச்ச தண்ணி பாவிக்கேல்லை."

சொன்ன பிறகு மிச்சம் தானாக வந்தது. கிணற்றடி, தட்டம், காய்ச்சல், வெள்ளைப் படிவு, இருபத்தொன்றுக்குக் கானில் கொண்டுவந்த தண்ணீர், காவலாளியிடம் சொன்ன வயிற்றுக் கதை, எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து வந்து என் முன்னால் விரித்து வைத்தார்.

"வாசியுங்கோ."

வாசித்தேன். இருபத்தேழு வருடமாக எழுதிய வசனம் வாயில் வரும்போது வேறு யாரோ எழுதியது போலிருந்தது.

நான் அந்த வரியைப் பேனையால் அடித்து அடித்து மறைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "ஒரே ஒரு கோடு. கீழை என்ன இருந்தது எண்டு தெரியோணும். பக்கத்திலை உண்மையை எழுதி, இண்டைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ. இருபத்தொண்டுக்கும் அப்பிடித்தான்."

எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வெள்ளை படிஞ்சிருந்ததெண்டியள். எவ்வளவு?" என்று கேட்டார். நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு என்றேன். "ஒருக்கா ஊறிக் காய்ஞ்சதுக்கு அவ்வளவு படியாதே," என்று முகட்டைப் பார்த்தார். கோபத்தை அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவடியில் நான் நிற்பதைக் கண்டு, "தர்ஷினியிட்டை நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்," என்றார். அதுதான் அவர் தந்த தண்டனை. அதைவிட என்னை இடைநிறுத்தியிருக்கலாம்.

கோப்பாய்க்குப் போனேன். தர்ஷினி வீட்டு முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் வந்தது இதுதான்:

"அந்த மஞ்சள் சல்வாரை எத்தினை தரம் தோய்ச்சுத் தோய்ச்சுப் போட்டனான் தெரியுமோ?"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சிரிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"சிரிக்காதேங்கோ மடம்," என்றாள். அதுவரை நான் அவளுக்கு அக்கா. அந்த 'மடம்' நெஞ்சில் குத்திற்று.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உந்தத் தோல் ஒருக்காத்தானே ஊறிக் காய்ஞ்சது? சேர் அதிலை அவ்வளவு சுண்ணாம்பு படியாது எண்டுறார்."

"ஆர் சொன்னது ஒருக்கா எண்டு?" என்றார் அம்மா. "நீ காய்ச்சலிலை கிடக்க, ஒவ்வொரு நாளும் அது காய்ஞ்சு போய்க் கிடந்தது. பிள்ளையின்ரை படிப்புச் சாமான் காயுதே எண்டு நான்தான் காலமை காலமை இரண்டு வாளி விட்டனான்."

கீரைச் சுளகைத் தாண்டி ஓடிப்போய்ப் பேராசிரியருக்கு அழைப்பு எடுத்தேன்.

ஏழு நாள், ஏழு தரம். ஒவ்வொரு தரமும் தண்ணீர் வெயிலில் ஆவியாக, சுண்ணாம்பு மட்டும் தோலின் மடிப்புகளுக்குள் தங்கியிருக்கிறது. உலையில் தோல் கரியானபோது அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் கரிக்குள் புதைந்தன. பிறகு தர்ஷினி அமிலத்தில் போட, சுண்ணாம்பு கரைந்து வெளியேறிற்று. அது இருந்த இடமெல்லாம் துளையாக நின்றது. கானில் கொண்டுவந்த தண்ணீரால் நான் விறுவிறென்று கழுவி உலர் பெட்டியில் வைத்தபோது படிய எதுவும் இருக்கவில்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று அது வெறும் ஊகம். "நடந்ததை நடந்தபடியே செய்து பாப்பம்," என்றார் பேராசிரியர். "கெதியாச் செய்யோணும். மழை துவங்கினால் தைக்குப் பிறகுதான்."

அடுத்த நாள் முழு ஆய்வுகூடமும் என் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தது. பேராசிரியர் குடையும் வெப்பமானியுமாக. தர்ஷினி கொப்பியோடு. மற்ற ஆய்வாளர் இருவர் தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அதே இரண்டு தட்டம், அதே கிணறு. தண்ணீர் விடும் பொறுப்பை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. "எவ்வளவு விட்டனீங்கள் அம்மா?" என்று பேராசிரியர் பணிவாகக் கேட்க, "இவ்வளவு," என்று வாளியைச் சரித்துக் காட்டினார். அவர்கள் அந்த 'இவ்வளவை' நிறுத்து எழுதினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள். "உவை என்ன செய்யினம்?"

"தண்ணி காயிறதைப் பாக்கினம்," என்றார் அம்மா.

"பெரிய பேராசிரியர் எண்டியள்?"

"ஓம். அவர்தான் குடையோடை நிண்டு பாக்கிறார்."

ஐந்தாம் நாள் பிற்பகல் கீழ்வானம் கறுத்தது. தர்ஷினியும் நானும் ஆளுக்கொரு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினோம். அவள் ஓடும்போது, "பார்த்து மடம், வழுக்கும்," என்றாள். ஆத்திரத்திலும் மரியாதை குறையாத பிள்ளை. நல்ல வேளையாகத் தூறலோடு போயிற்று. ஏழாம் நாள் தோலின் மேல் வெள்ளை தெரிந்தது. இந்த முறை அது எனக்கு அழுக்காகத் தெரியவில்லை.

இருபத்துமூன்றாம் தொகுதிக் கலத்தைத் தர்ஷினி குமிழில் கொளுவினாள். யாரும் குறிப்பிட்ட ஓட்டில் நிற்கவில்லை. அவள் போட்டிருந்தது ஒரு நீலச் சல்வார். இரண்டு நிமிடம் தாண்டிற்று. மூன்று. நான் குமிழைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் அவள் திரும்பாமலே பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா," என்றாள். "பாருங்கோ."

பத்து நிமிடமும் கொஞ்சமும் எரிந்தது.

பேராசிரியர் என்ன சொன்னார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொருக்கா செய்தோம். பிறகும் செய்தோம். மழை வந்த பிறகு ஆய்வுகூடத்திலேயே, அளந்த சுண்ணாம்பை அளந்த தண்ணீரில் கலந்து, உலர் பெட்டியில் காயவைத்துச் செய்யும் முறையைத் தர்ஷினி கண்டுபிடித்தாள். அது பதின்மூன்று நிமிடம் போயிற்று. அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தர்ஷினியின் வாய்மொழித் தேர்வு. வந்தவர் அதே தேர்வாளர். நான் பின்வரிசையில் இருந்தேன். அவர் ஆய்வேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மூன்றாம் அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடம் எனக்கு விளங்கேல்லை. பதினாறு தொகுதி வடிச்ச தண்ணியிலை கழுவினனீங்கள். திடீரெண்டு பதினேழாவதைக் கிணத்துத் தண்ணியிலை ஏழு நாள் போட்டு, ஏழு தரம் காயவிட்டிருக்கிறியள். என்ன கருதுகோளிலை அப்பிடிச் செய்தனீங்கள்?"

தர்ஷினி ஏதாவது கௌரவமாகச் சொல்லியிருக்கலாம். உள்ளூர் நீரின் கனிமங்களை ஆராய விரும்பினோம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? பின்வரிசையில் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கருதுகோள் ஒண்டும் இல்லை மடம்," என்றாள். "அக்காவுக்குக் காய்ச்சல்."

அறையில் சிரிப்பு எழுந்து அடங்க நேரம் பிடித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். தர்ஷினி சொன்னாள், என் இரண்டாவது பொய்யையும் விடாமல். முடிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"அண்டைக்குப் பற்றரி இருந்ததோ எண்டு கேட்டனான். கேட்டிருக்கக் கூடாது." பிறகு ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளினார். "ஒரே ஒரு திருத்தம்தான். இப்ப சொன்னதெல்லாத்தையும் இதிலை எழுதுங்கோ. அப்பதான் இதை வாசிக்கிற வேறை ஒருத்தர் திருப்பிச் செய்யலாம்."

எழுதினாள். நூலகத்தில் இருக்கிறது, நீங்களும் போய்ப் பார்க்கலாம். அம்மாவின் பெயர் முதற்பக்கத்தில், நன்றியுரையில், பேராசிரியருக்கு அடுத்ததாக இருக்கிறது. என் பெயரைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் புரட்ட வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில், 'வழுக்கள் ஏற்பட்ட விதம்' என்ற தலைப்பின் கீழ், முழுப் பெயரோடும் பதவியோடும் போட்டிருக்கிறாள்.